புள்ளிகளை நான் மாற்றவில்லை

ராயபுரத்தில் கிட்டார் வைத்திருப்பவனுக்குக் கடல் காற்றுதான் முதல் எதிரி. புதுக் கம்பி மாட்டினால் மூன்றே மாதத்தில் துருப்பிடித்துவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. திலீப் மட்டும் கேட்டான். நான் எது சொன்னாலும் அவன் கேட்பான்.

என் பெயர் ஜேக்கப். கல்மண்டபம் பக்கம் கிட்டார், கீபோர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மனோகரன் அண்ணனின் பாட்டுக் குழுவில் பதினோரு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தேன். ஒரு தடவை டெங்கு வந்து படுத்துவிட்டேன். ஒரே ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்று என் தோஸ்து திலீப்பை நானேதான் அனுப்பிவைத்தேன். நான் தேறி வந்தபோது மனோகரன் அண்ணன் தோளில் கை போட்டு, "ஜேக்கப்பு, இனிமே நீ ஒயரு, ஸ்பீக்கருலாம் பாத்துக்கோ. பேஸு அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்கு வருத்தமில்லை. ஸ்பீக்கரையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

திலீப்புக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிற வேலை. தகட்டின் மேல் தகடு விழுகிற சத்தத்திலேயே பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி தடாலென்று விழுந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. நான் முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். பாவம், அழுதுவிட்டான்.

"வலது காது சுத்தமா பூட்ச்சு மாமு. எடது காதுல இத்துனூண்டு கீது. வெளில தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டாங்கோ. எனக்கு ரெண்டு பொண்ணு கீது. யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

மேஜை டிராயரில் இருந்த பைபிளை எடுத்து, அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. எழுதுவது வேறு.

காது கேட்காதவன் எப்படி வாசித்தான் என்று நீங்கள் கேட்கலாம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற மெல்லிய உலோகக் கம்பிக்கு ஃபிரெட் என்று பெயர். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாகத்தான் வரும். காது சும்மா இருந்தாலும் போதும். தாளத்துக்கு டிரம்ஸ்காரர் காலைப் பார்த்துக்கொள்வான். மேடைப் பலகை அதிர்வது அவன் பாதத்துக்குத் தெரியும். மீதிக்கு நான் இருந்தேன். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டுவேன். சரி என்றால் ஆட்டுவேன், சரியில்லை என்றால் ஆட்டமாட்டேன். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தப்பாக ஆட்டியதில்லை.

போன வருஷம் ஆயுதபூஜைக்கு அந்த இரும்பு யார்டிலேயே எங்கள் கச்சேரி என்று முடிவானது. திலீப்பின் முதலாளி கூப்பிட்டிருந்தார். பூஜைக்குப் பத்து நாள் முன்னால், ஒரு பாட்டாவது நான் பேஸ் வாசிக்கட்டுமா என்று மனோகரன் அண்ணனிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உன் வேலைய நீ பாரு நைனா. திலீப்பு காது யாருக்கு வரும்?"

அன்றைக்குத்தான் எனக்கு ரஷீதின் நினைவு வந்தது. கிரேனுக்குக் கீழே நின்று தகட்டில் கொக்கி மாட்டுகிறவர். மூன்று பிள்ளைகள். அவர் 'நிறுத்து' என்று கத்தினால் மேலே இருப்பவனுக்குக் கேட்காதே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன், வாய் திறக்க முடியாது.

மறுநாள் திலீப்பைக் கூப்பிட்டு, அவன் கிட்டாரில் ஃபிரெட் தேய்ந்துபோய்க் கம்பி கரகரவென்று சத்தம் போடுகிறது என்றேன். சத்தம் எதுவும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் கிட்டாரையே பார்த்தான். பிறகு, "ஆமா மாமு, நானும் கவனிச்சேன். பேஜாராத்தான் கீது" என்றான். அவனும்தான் பொய் சொன்னான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஃபிரெட்டையே எடுத்துட்டா கரகரப்பு இருக்காதுடா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அப்டித்தான் வாசிக்கிறாங்க" என்றேன்.

"அப்பால எடம் எப்டி தெரியும் மாமு?"

"சைடுல புள்ளி கீதே."

"புள்ளி அப்டியே இருக்கும்ல?"

"அப்டியே இருக்கும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகச் செய்தேன். ஒவ்வொரு ஃபிரெட்டையும் சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி, மரம் சிம்பு பெயராமல் கொறட்டால் மெல்ல மெல்லக் கிளப்பினேன். இருபது ஃபிரெட். அந்தப் பள்ளங்களை அடைக்க வேண்டும். வெளிர் மரத்தால் அடைத்தால் கோடுகள் தெரியும், விரல் வைக்க உதவும். நான் அதே கருப்பு மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கோட்டிங் கொடுத்தேன். கழுத்து கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

புள்ளிகளை மாற்றவில்லை. ஃபிரெட் இருக்கும்போது புள்ளி இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருக்கும். ஃபிரெட்டை எடுத்துவிட்டால் விரல் நிற்க வேண்டிய இடம் நடுவில் அல்ல, ஃபிரெட் இருந்த அதே கோட்டில். அதனால் மற்றவர்களுக்குச் செய்யும்போது பழைய புள்ளியை அடைத்துவிட்டு, கோட்டுக்கு நேராகப் புதிதாக வைத்துக் கொடுப்பேன். பழைய புள்ளியைப் பார்த்து வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். காது உள்ளவன் முதல் ஸ்வரத்திலேயே விரலை நகர்த்திக்கொள்வான்.

கோட்டிங் காய வேண்டும் என்று சொல்லி, பூஜை அன்றைக்குத்தான் கிட்டாரைக் கொடுத்தேன். திலீப் கிரேனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாக நானே மேடையில் ஒயரைச் சோதித்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். முதலாளி முன்வரிசையில் பொரி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திலீப்பின் மனைவி ஜெயஸ்ரீ இரண்டு பெண்களையும் புதுப் பாவாடையில் கூட்டிவந்திருந்தாள். முதல் பாட்டில் நான்கு வரி போவதற்குள் பாடகி நீலா திரும்பிப் பார்த்தாள். கீபோர்டு எபினேசர் முகத்தைச் சுளித்தான். திலீப் புள்ளியிலேயே கண்ணாக இருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் தலையாட்டினேன்.

அவன் சிரித்துக்கொண்டு இன்னும் சத்தமாக வாசித்தான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நீலா பாட்டை நிறுத்திவிட்டாள். மனோகரன் அண்ணன் பின்னாலிருந்து, "டேய் திலீப்பு, நிறுத்துடா! இன்னாடா கலீஜா வாசிக்கிற!" என்று மைக்கிலேயே கத்தினார். யார்டு முழுவதும் எதிரொலித்தது. டிரம்ஸ்காரர் மட்டும் காலை நிறுத்தாததால் திலீப்பும் நிறுத்தவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்தான். மறுபடியும் ஆட்டினேன். முதலாளி பொரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். சின்னப் பெண் மேடைக்கு ஓடிவந்து, "நைனா! நைனா!" என்று அவன் பேண்ட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் அவன் குனிந்து பார்த்தான்.

அடுத்த வாரம் காதுக்குப் பரிசோதனை நடந்தது. அதற்கப்புறம் அவனைக் கிரேனில் ஏற்றவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு நெட்டுக்குப்பத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் யாரிடமும் பேசுவதில்லையாம். தன் காதால்தான் எல்லாம் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு வகையில் அது சரிதானே. ரஷீது நன்றாக இருக்கிறார். போன வாரம் பார்த்தேன், வணக்கம்கூடச் சொல்லவில்லை. தனக்கு நான் செய்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஜெயஸ்ரீதான் ஒருநாள் கிட்டாரைக் கொண்டுவந்து கடையில் வைத்தாள். "வூட்ல இத்தப் பாத்தாலே எம் புருசன் சோறு துன்ன மாட்டேங்குதுண்ணா. நீயே வச்சிக்கோ. ஒன்ன மாதிரி அத்த யாரும் பாத்துக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது குழுவில் பேஸ் நான்தான். மனோகரன் அண்ணனே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். வாசிப்பது அதே கிட்டார்தான். கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்திக்கொண்டு, அடைத்த பள்ளங்களைத் திரும்பக் கீறி, இருபது ஃபிரெட்டையும் மறுபடி அடித்து இறக்கினேன். ஃபிரெட் இல்லாமல் எனக்குச் சுருதி நிற்காது.