அம்மாவுக்குக் குறையாத எட்டு கிலோ

தங்கம் அக்கா, அம்மா இன்னும் மொட்டமாடியிலேருந்து இறங்கல. ஸ்வெட்டர் கூடப் போடாம, இந்த ஜனவரிக் குளிர்ல சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே இருக்கு. மேல போய்க் கூப்பிட்டுப் பாத்தேன். "நீ போய்ப் படு, எனக்கு இன்னும் கொஞ்சம் நடக்கணும்"னு சொல்லுச்சு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நேத்தும் சாப்பிடல. எங்கயாவது மயக்கம் போட்டு விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் உங்களுக்கு வாய்ஸ் நோட் போடறேன்.

நான் மானசா. மோதி பாக் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ். உங்க ஆஸ்பத்திரியில டயாலிசிஸ்ல இருந்து போன வாரம் இறந்து போனாரே மதன், அவரு என் தாய்மாமா. அவருக்குக் கிட்னி குடுக்கறேன்னு வந்து, வெயிட் குறையல பிபி குறையலன்னு நீங்க திருப்பித் திருப்பி அனுப்பினீங்களே பூங்கோதை, அவங்க என் அம்மா. ஒரு செக்கப் அன்னிக்கு நீங்கதான் நம்பர் குடுத்து, "மனசுல எதுனா இருந்தா எப்ப வேணாலும் பேசு"ன்னு சொன்னீங்க. இருக்கு அக்கா. மெதுவாத்தான் பேசுவேன். அழ மாட்டேன். அழுதா பேச்சு புரியாது, அப்புறம் திரும்ப முதல்லேருந்து சொல்லணும். என்னால இத ஒரு தடவதான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு முப்பத்தாறு வயசு. அதுவரைக்கும் எக்சர்சைஸ்னு எதுவும் செஞ்சதே இல்ல. அப்பா போனப்புறம் அப்பா வேலையத்தான் அம்மாவுக்குக் குடுத்தாங்க, லோதி ரோடு ஆபீஸ்ல. இந்தக் குவார்ட்டர்ஸ் அதனாலதான் எங்க கைல நின்னுச்சு. நாள் பூரா ஃபைல் முன்னாடி உக்காரணும், நாலு மணிக்கு டீ சமோசா, வீட்டுக்கு வந்தா சோறு. உடம்பு ஏறாம என்ன பண்ணும். மழைக்காலத்துல நீங்க, "எட்டு கிலோ குறையணும், பிபி நார்மலுக்கு வரணும், அப்பதான் டோனரா எடுத்துக்குவோம்"னு சொன்னீங்கல்ல, அன்னிக்கே அம்மா வர்ற வழியில சரோஜினி நகர்ல இறங்கி ஷூ வாங்கிடுச்சு. பேரம் பேசி. பிங்க் கலர்.

மாமா பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"அக்கா, உன்கிட்ட ஒரு கிட்னிதானே கேட்டேன். நீ என்னமோ ஒலிம்பிக்ஸ்க்குக் கிளம்பற."

"வாய மூட்றா. பழைய சாமான என் தலையில கட்டிட்டான்னு நாளைக்கு நீ சொல்லிடக் கூடாது. சர்வீஸ் பண்ணித்தான் குடுப்பேன்."

"அச்சா, அப்ப கோச் யாரு?"

அம்மா என் தோள்ல கை போட்டுக்கிச்சு. "இவதான். இனிமே இவ என்ன குடுக்கறாளோ அதான் நான் சாப்பிடுவேன்."

அப்படியேதான் ஆச்சு. டயட் வீடியோ எல்லாம் பாத்தா அம்மாவுக்குத் தலை சுத்தும். நான் பாத்து, உங்க டயட்டீஷியன் சொன்னதையும் வெச்சு, என்ன சமைக்கணும்னு முடிவு பண்ணுவேன். ஸ்கூல் விட்டு வந்து நான்தான் சமைப்பேன். காலையில டிபன் பாக்ஸும் நான்தான் கட்டுவேன். அம்மா ஜல்தியா எழுந்து பார்க்குக்குப் போகும். வந்து பீரோ கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிக்கும். முதல் நாள் உக்காந்துச்சு, எந்திரிக்க முடியல. "மானசா, கிரேன் எடுத்துட்டு வாடி"ன்னு தரையிலயே உக்காந்து சிரிச்சுது. அப்புறம் மெல்ல மெல்லப் பழகிடுச்சு. ஆபீஸுக்கு முன்னாடி ஸ்டாப்லயே பஸ்ஸ விட்டு இறங்கி நடக்க ஆரம்பிச்சுது. லிஃப்ட்ல போறதில்ல. ஆபீஸ்ல பக்கத்து சீட் மேடம், "க்யா பாத் ஹை, பூங்கோதை ஹீரோயின் பன் ரஹி ஹை"ன்னு, ஹீரோயினே ஆயிட்டு வர்றியேன்னு கிண்டல் பண்ணாங்களாம். அத வெக்கப்பட்டுக்கிட்டே என்கிட்ட வந்து சொல்லுச்சு. இத்தன வயசுல உடம்ப இப்பத்தான் முதல் தடவ தனக்குன்னு பாத்துக்கற மாதிரி இருக்குன்னு சொல்லுச்சு. அப்பா போனதுக்கப்புறம் அம்மாவ அவ்ளோ சந்தோஷமா நான் பாத்ததே இல்ல.

அதனாலதான் நான் நிறுத்தச் சொல்லல. நடக்கட்டும், வேர்க்கட்டும், உடம்புக்கு நல்லதுதானே. எட்டு கிலோ மட்டும் குறையாம பாத்துக்கிட்டேன்.

அது ஒண்ணும் கஷ்டம் இல்ல அக்கா. நெய் எடுக்கறதுக்கு எல்லா வீட்டு ஃபிரிட்ஜ்லயும் ஒரு டப்பாவுல மலாய், அதான் பாலாடை, சேத்து வெச்சிருப்பாங்கல்ல. அத சப்பாத்தி மாவுல போட்டுப் பிசைவேன். உப்பையும் மாவுலயே சேத்துடுவேன், மேல தெரியாது. ராகிக் கஞ்சியில முந்திரிய அரைச்சு ஊத்துவேன். பால் பூத்ல கொழுப்பு கம்மியான டோன்டு மில்க்குக்குப் பதிலா ஃபுல் கிரீம் வாங்கி, அம்மா வர்றதுக்குள்ள காய்ச்சிட்டு பாக்கெட்ட வெளிய போட்டுடுவேன். மோர்ல உப்பு போட்டு, அது தெரியாம இருக்க இஞ்சியும் பெருங்காயமும் தூக்கலா. அம்மா ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிடும். கண்ணு இன்னொண்ணு மேல இருக்கும், ஆனா கை போகாது. "எண்ணெயே இல்லாம எப்படிடி இவ்ளோ பஞ்சு மாதிரி போடற? எனக்கே இப்படி வராதே"ன்னு கேக்கும். இன்னொரு நாள், "பாத்தியா, உப்பு இல்லாமலே நாக்கு பழகிடுச்சு. இதுவே ருசியாத்தான் இருக்கு"ன்னு பெருமையாச் சொல்லுச்சு. நான் ஆமாம்மான்னு சொன்னேன்.

நான் விஷம் வெக்கல. எல்லாம் நல்ல சாமான். எந்த வீட்லயும் பிள்ளைங்களுக்கு ஆசையாப் போடறதுதான்.

ஏன்னு கேப்பீங்க. எங்கப்பாவும் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள்ள போனாரு. கொரோனா ரெண்டாவது தடவ வந்துச்சே, அப்ப. ஆட்டோவ விட்டு இறங்கி, மாஸ்க்க சரி பண்ணிக்கிட்டு, "வந்துடுவேன்டா"ன்னு எனக்குக் கையாட்டிட்டு கேட்டுக்குள்ள போனாரு. அவ்ளோதான். முகத்தக் கூடக் காட்டல. உங்க டாக்டர் ஆபரேஷன் ரிஸ்க்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன். டோனர் இறந்து போறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா சொல்ல வேண்டியது எங்க கடமைன்னு சொன்னாரு. அம்மா தலைய ஆட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டுச்சு. அந்த அபூர்வத்துக்கு எங்க வீட்டு அட்ரஸ் ஏற்கனவே தெரியும் அக்கா. அம்மாவும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?

மாமா மேல எனக்குக் கோவமே கிடையாது. அப்பா போனப்புறம் என்ன ஸ்கூட்டர்ல ஸ்கூல்ல விட்டதும் அவருதான், பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்து டீச்சர்கிட்ட திட்டு வாங்கினதும் அவருதான். அவரு சாகணும்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. மாமாவோட வொய்ஃப் இளவரசி அத்தைக்கு ப்ளட் குரூப் சேரலன்னாலும், வெயிட்டிங் லிஸ்ட்ல மாமா பேரு இருந்துச்சுல்ல. வேற யாராவது குடுப்பாங்கன்னு இருந்தேன். டயாலிசிஸ்லயே வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க இருக்காங்கன்னு கூகுள்ல போட்டிருந்துச்சு. அதாவது, கொஞ்சம் லேட் ஆகட்டும், நான் ட்வெல்த் முடிச்சுடறேன், அவ்ளோதான் யோசிச்சேன்.

அடுத்த தடவ செக்கப்புக்கு வந்தப்ப நீங்க இருந்தீங்க. அம்மா மெஷின்ல ஏறுச்சு. குறையறதுக்குப் பதிலாக் கூடியிருந்துச்சு. அம்மா நம்பல. ஷூவக் கழட்டிட்டு ஏறுச்சு. வளையலக் கழட்டி என் கைல குடுத்துட்டு ஏறுச்சு. கடைசில காதுல கெடந்த தோட்டையும் கழட்டப் போச்சு, நீங்கதான் வேணாம்னு கையப் பிடிச்சீங்க. அன்னிலேருந்து அம்மா ரெண்டு சப்பாத்திய ஒண்ணாக்கிடுச்சு. நான் மலாயக் கூட்டினேன்.

அப்புறம் நீங்க என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? "வீட்ல நெஜமாவே டயட் ஃபாலோ பண்றாங்களாம்மா?" நான் சொன்னேன், "வீட்ல பண்றாங்க அக்கா. வெளிய தெரியல. ஒரு தடவ பேக்ல சமோசா கவர் பாத்தேன்." அப்படி ஒரு கவர நான் பாக்கல. அம்மா சமோசாவத் தொட்டே அப்ப மூணு மாசம் இருக்கும். நீங்க பாவம், குடுக்க மனசில்லாமதான் அம்மா இப்படிப் பண்ணுதுன்னு நெனைச்சிட்டீங்க. உக்கார வெச்சு, "இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. மெடிக்கலா ஃபிட் இல்லன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம்"னு சொன்னீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க. அம்மா பஸ்ல வழி பூரா ஜன்னல் பக்கமே திரும்பிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து, "என் தம்பிக்குக் குடுக்க எனக்கு மனசில்லயாம்டி"ன்னு சொல்லுச்சு. அவ்ளோதான் சொல்லுச்சு. நான் தண்ணி கொண்டு வந்து குடுத்தேன்.

தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் மாமா வந்தாரு. கால் ரெண்டும் வீங்கி, செருப்பு உள்ள நுழையல. அப்பக்கூட என்னப் பாத்து, "கோச் மேடம், உங்க ஸ்டூடன்ட் ஃபெயில் ஆயிட்டே இருக்காங்க. கோச்ச மாத்திடலாமா?"ன்னாரு.

"டேய், அவள ஒண்ணும் சொல்லாத"ன்னு அம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "அவ இல்லன்னா நான் என்னிக்கோ விட்டிருப்பேன்."

மாமா அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வரல.

டயாலிசிஸ் சேர்லயே மாமாவுக்கு ஹார்ட் நின்னு போன அன்னிக்கு நீங்க டியூட்டியில இல்ல. அதனால உங்களுக்குத் தெரியாது. காரிடார்ல எல்லார் முன்னாடியும் இளவரசி அத்தை அம்மாவப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஒரு வாயக் கட்ட முடியலல்ல உங்களுக்கு? கூடப் பொறந்தவன் உசுர விட சமோசா பெருசாப் போச்சுல்ல?" சமோசா விஷயத்த அத்தைகிட்டயும் நான்தான் சொல்லியிருந்தேன். அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். அம்மா அப்படியே அத்தை கால்ல விழுந்துடுச்சு. யாரோ ஒரு வார்டு பாய் வந்து தூக்கி விட்டாரு. நான் அம்மா பையப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

இதையும் சொல்லிடறேன். அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு வந்து அம்மா என் பக்கத்துல படுத்துச்சு. அது மூச்சு விடற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு அக்கா. ரொம்ப நாள் கழிச்சு.

ஆனா அம்மா அன்னிலேருந்து ஒழுங்காச் சாப்பிடல. தட்டப் போட்டா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. நான் ஊட்டப் போனா வாயத் திறக்குது, முழுங்க மாட்டேங்குது. ராத்திரி ஆனா ஷூவப் போட்டுக்கிட்டு மேல போயிடுது. இன்னிக்குச் சாயங்காலம் வீட்டு மெஷின்ல ஏறி நின்னுச்சு. ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் என்னக் கூப்பிட்டு, "குறைஞ்சிருக்குடி. இப்ப குறையுது பாரு"ன்னு சொல்லுச்சு. ரிப்போர்ட் கார்டு காட்டற கொழந்த மாதிரி என் முகத்தப் பாத்துச்சு. சரி, சொல்லிடலாம்னு அப்பதான் வாயத் திறந்தேன். "சூப்பர்மா"ன்னுதான் வந்துச்சு.

அம்மாவ நான் காப்பாத்திட்டேன்னு இத்தன நாள் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். யாரக் காப்பாத்தினேன்னு இப்ப தெரியல. மாடியில நடக்கறது எங்கம்மா மாதிரியே இல்ல.

இருங்க. மேல சத்தம் நின்னுடுச்சு.

இல்ல, விழல. படியில இறங்குது. கதவு திறக்குது. இருங்க, மெதுவாப் பேசறேன்.

என் ரூம் கதவுக்கு வெளிய நிக்குது. நான் தூங்கலன்னு அதுக்குத் தெரியும். லைட் வெளிச்சம் கீழ தெரியுதுல்ல.

"மானசா. தூங்கிட்டியாடி? கதவெல்லாம் திறக்க வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தை நம்பல, ஆஸ்பத்திரியில நம்பல. போகட்டும். உன் அப்பா மேல சத்தியமா, நீ குடுத்ததத் தவிர நான் வேற எதையும் வாயில வெக்கலடி. நீயாவது நம்புறியா?"

கேட்டுச்சா அக்கா? பதிலுக்கு நின்னுக்கிட்டு இருக்கு. நம்புறேன்னு சொல்லட்டுமா?