டப்பா தேடுறவருக்கு ஒரு ஜி.பி.எஸ்.

— அப்ப இவர் எந்தெந்தத் தெருவுல திரும்பினாரு, எங்க நின்னாரு, எல்லாத்தையும் இந்த மிஷின் ஞாபகம் வெச்சிருக்கும்னு சொல்றீங்க.

— அச்சு பிசகாம வெச்சிருக்கும் மேடம். கையில வெச்சுக்கிட்டு நடந்தாப் போதும், அதுபாட்டுக்குப் பின்னாடியே கோடு போட்டுக்கிட்டு வரும். கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

— கோடெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி? நான் என்ன பட்டாளத்துலயா இருக்கேன்? ஞாயித்துக்கிழமையானா சும்மா டப்பா தேடப் போறவன். போன்லயே எல்லாம் தெரியுது. வாம்மா, கிளம்பலாம்.

— போன்ல தெரிஞ்ச லட்சணத்தைத்தான் பார்த்தேனே. போன வாரம் சார்ஜ் தீர்ந்து போச்சுன்னு இருட்டினப்புறம் வந்து நின்னீங்க. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து எனக்குக் காலே தேஞ்சு போச்சு. பேசாம உட்காருங்க.

— சார் ஜியோகேச்சிங் போறாரா மேடம்? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நானும் போவேன் சார். இந்த ஊர்ல நம்மள மாதிரி பைத்தியங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கோம்.

— அந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையலை தம்பி. யாரோ ஒரு வேலையத்தவன் ஒரு டப்பாவை மரப்பொந்துல ஒளிச்சு வெச்சுட்டு, அது இருக்கிற இடத்தை நம்பரா நெட்ல போட்டுடுவானாம். இன்னொரு வேலையத்தவர் அதைத் தேடிக்கிட்டுப் போவாராம். அதானே?

— அதேதான் மேடம். கடைசியா எதை எடுத்தீங்க சார்? தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கே, அதுவா? இல்ல பழைய பாலத்துக்குக் கீழேயா?

— அது... பாலம்தான். பாலத்துக்குக் கீழே.

— அது மழையில அடிச்சுக்கிட்டுப் போய் ரொம்ப நாளாச்சே சார். இப்ப அங்க ஒண்ணும் இல்லைன்னு நெட்லயே போட்டிருக்காங்க.

— அதான் தம்பி. இல்லைங்கறதைத்தான் பார்த்துட்டு வந்தேன்.

— இல்லாததைப் பார்த்துட்டு வந்திருக்காரு, இருட்டுற வரைக்கும். கேட்டுக்குங்க. சரி, என்னென்ன வெச்சிருக்கீங்க, எடுத்துப் போடுங்க.

— இது டச் ஸ்கிரீன் மேடம். பார்க்க லட்சணமா இருக்கும். ஆனா நாலு தூறல் விழுந்தா விரல்னு நினைச்சுக்கிட்டு அதுவா எங்கயாச்சும் போயிடும். இந்த மஞ்சள், பட்டன் வெச்சது. ஈரக் கையோட அமுக்கலாம், தண்ணியில விழுந்தாலும் துடைச்சுட்டு நடக்கலாம். பேட்டரி தீர்ந்தா எந்தப் பெட்டிக்கடையிலயும் பென்சில் பேட்டரி வாங்கிப் போட்டுக்கலாம். கடைசியா இது, சின்னது. நிக்கிற இடத்தோட நம்பரையும் திசையையும் மட்டும் காட்டும். கோடு கீடு கிடையாது.

— இது போதும். இதுதான் வேணும். பாரேன், உள்ளங்கையில அடங்குது.

— அடங்கினாப் போதுமா? அதை வைங்க கீழே. தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். டப்பா மாடியில இருந்தா, எத்தனாவது மாடின்னு மிஷின் சொல்லுமா?

— மாடியிலயா மேடம்? டப்பா எல்லாம் பார்க்குல, பாறை இடுக்குல...

— டப்பா எதுக்கும்மா மாடி ஏறப் போகுது?

— ஒளிச்சு வைக்கறவங்க எங்க வேணா வைப்பாங்க. நீங்க சும்மா இருங்க.

— இந்த மஞ்சள்ல காத்தோட அழுத்தத்தை வெச்சு உயரம் பார்க்குற வசதி இருக்கு மேடம். எத்தனாவது மாடின்னு சொல்லாது. இத்தனை மீட்டர் ஏறியிருக்கோம்னு சொல்லும். நாமளா வகுத்துக்க வேண்டியதுதான்.

— அது நான் வகுத்துக்கறேன். இன்னொண்ணு. டப்பாவுல இருந்து ஏதாச்சும் எடுத்தா, பதிலுக்கு நாமளும் ஏதாச்சும் வைக்கணுமாமே?

— ஆமா மேடம், அதுதான் சட்டம். எடுத்ததுக்குக் குறையாம வைக்கணும். சாவிக்கொத்து, கோலிகுண்டு, சின்ன பொம்மை, அந்த மாதிரி.

— நான் கம்பளி நூல்ல ஏதாச்சும் பின்னிக் கொடுத்தனுப்புவேன். குல்லா, சாக்ஸு.

— டப்பாவுல வைக்கவா?

— எல்லாம் வைக்கலாம் தம்பி. நான் தேடிப் போறது பெரிய டப்பா.

— அந்தப் பென்சில் பேட்டரி எங்க இருக்கு? திரும்பத் திரும்ப சார்ஜ் போடுற மாதிரி இருந்தா எடுத்துக்கறேன்.

— அந்தக் கோடி அலமாரி மேடம், ரேடியோ எல்லாம் இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ்த் தட்டு.

— எடுத்துட்டு வர்றேன். இவரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, எழுந்து ஓடிடப் போறாரு.

— தம்பி, தம்பி. இங்க வாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இந்த மஞ்சளை அவளுக்கு விக்காதீங்க.

— ஏன் சார்? அருமையான மிஷினாச்சே.

— அருமையா இருக்கறதுதான்பா வினை. நான் இந்த ஜென்மத்துல ஒரு டப்பாவைக் கூடக் கண்ணால பார்த்ததில்ல.

— பாலத்தைச் சொன்னப்பவே நினைச்சேன். சார், தப்பா எடுத்துக்காதீங்க. அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க... வேற எங்கயாச்சும்...

— அட, இந்த நரைச்ச தலையை வெச்சுக்கிட்டா? மகளைப் பார்க்கப் போறேன்பா. நான் பெத்த மகளை.

— மகளைப் பார்க்கறதுக்கா சார் இவ்வளவு பொய்?

— அவ எங்ககிட்ட சொல்லாம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு வந்து, பால் தீர்ந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. மாப்பிள்ளை தங்கமான பையன், அதுல ஒரு குறையும் இல்ல. தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்கற கோவம்தான் இவளுக்கு. அன்னைக்கு நடுக்கூடத்துல நின்னுக்கிட்டு, "செத்தாலும் அவ வீட்டுக்கு நான் வழி கேக்க மாட்டேன், யாரும் எனக்குச் சொல்லவும் வேண்டாம்"னுட்டா. அத்தோட சரி. அப்புறம் அந்தப் பேச்சே வீட்டுல கிடையாது.

— அப்புறம் நீங்க எப்படி சார்?

— பேப்பர்ல இந்த டப்பா விளையாட்டைப் பத்திப் போட்டிருந்தான். பிடிச்சுக்கிட்டேன். மக சொல்லலைங்கறதுக்கே இத்தனை வருஷமாப் பேச்சில்ல. புருஷனும் சொல்லாம வாராவாரம் போயிட்டு வர்றான்னு தெரிஞ்சா என்னையும் தலை முழுகிடுவா. இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்?

— மக வீட்டுலதான் சார்.

— ஜோக்கடிக்காதப்பா, வயித்தெரிச்சல்ல இருக்கேன்.

— டப்பாவுல கிடைச்சதுன்னு வீட்டுக்கு எதையாச்சும் கொண்டுபோய்க் காட்டணுமே?

— பேத்தியோட உடைஞ்ச கிலுகிலுப்பை, முடி கிளிப்பு, அவ கிறுக்கின காகிதம், இப்படி ஏதாச்சும். இவ அதையெல்லாம் துடைச்சு ஷோகேஸ்ல அடுக்கி வெச்சிருக்கா. பார்த்தாப் பாவமா இருக்கும்.

— மேடம் பின்னித் தர்ற குல்லா?

— அது பேத்தி தலையிலதான். அளவெடுத்த மாதிரி உட்காருது தம்பி, ஒண்ணு கூடத் தப்பலை. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க.

— அதிர்ஷ்டம்தான் சார். மேடம் என்ன வேலை பார்த்தாங்க?

— ஸ்கூல் டீச்சர். பரீட்சை ஹால்ல இவ வந்து நின்னாலே பசங்களுக்குக் கை நடுங்கும். பிட்டு எவன் சட்டைக் கைக்குள்ள இருக்குன்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவா.

— அவங்களையா சார் ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க?

— வீட்டுக்கு வந்துட்டா அந்தத் திறமையெல்லாம் கழண்டுடும்பா. ஐயோ, வர்றா. அது ரிப்பேர்னு சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்.

— பேட்டரி எடுத்துட்டேன். என்ன, ரெண்டு பேரும் தலையோட தலையை ஒட்ட வெச்சுக்கிட்டு இருந்தீங்க?

— ஒண்ணுமில்ல மேடம். அந்த மஞ்சள்... அது வேண்டாம்னு தோணுது. அந்த மாடல்ல கொஞ்சம் கம்ப்ளெய்ன்ட் வருது.

— கண்ணை மூடிட்டு வாங்கலாம்னீங்க. நான் அந்தக் கோடிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கெட்டுப் போச்சா?

— அதாவது மேடம், கட்டடங்களுக்கு நடுவுல போனா நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும்.

— நாலஞ்சு மீட்டர்தானே. அவ்வளவு கிட்டப் போயிட்டா மீதியைக் கண்ணு பார்த்துக்கும்.

— அதான் தம்பியே வேண்டாங்கறாரே. அந்தச் சின்னதையே எடுத்துக்கலாம்மா.

— நீங்க வாயைத் திறக்காதீங்க. தம்பி, நிமிர்ந்து என் முகத்தைப் பாருங்க. இவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லலை மேடம். சத்தியமா.

— ஹால்லயும் எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. மஞ்சளுக்கே பில் போடுங்க. இவரு இத்தனை நாளாப் போன வழியெல்லாம் இதுல வந்துடுமா?

— வராது மேடம். இதை ஆன் பண்ணிக் கையில எடுத்துட்டுப் போன நாள்ல இருந்துதான் பதியும்.

— அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை இவரு ஒரு தடவை போயிட்டு வந்தாப் போதும்.

— எதுக்குப் போதும்?

— உங்களைக் கேக்கலை. அடுத்த வாரம் இதே மிஷினை வேற ஒருத்தர் கையில எடுத்துக்கிட்டு அந்தக் கோட்டைப் பிடிச்சே நடந்தா?

— இவர் எங்க போய் நின்னாரோ, அங்கயே கொண்டுபோய் நிறுத்தும் மேடம்.

— நீ எதுக்கும்மா அங்கெல்லாம்? முள்ளு, சேறு, பூச்சி பொட்டு...

— முள்ளும் சேறுமா? உங்க செருப்பைக் கழுவி வைக்கறது நான். இத்தனை நாள்ல ஒரு பொட்டு மண்ணு ஒட்டலை. ஆனா முன்னெல்லாம் சட்டைத் தோள்ல பால் கக்கின வாசனை. இப்பப் பாக்கெட்டுக்குள்ள பிஸ்கட் தூள். பால் கக்குற டப்பாவை நான் எங்கயும் கேள்விப்படலை.

— அம்மா, அது வந்து... நான் சொல்லலாம்னுதான்... நடுக் கடையில வெச்சு எதுவும்...

— நான் எதுவும் கேக்கலையே. கேக்க மாட்டேன்னு சொன்னவ, கேக்க மாட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தம்பி, பில் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதைப் பார்த்துக்கிட்டே போனா, இவரு உட்பட ஒருத்தர்கிட்டயும் வழி கேக்காம, அவ வீட்டு வாசல் வரைக்கும் நான் போயிடலாம்ல?