நிற்காத பம்பு

— கௌசல்யா மோளே, டாக்டரு மருந்து பிடிக்கலன்னு ஒரு வாக்குல சொல்லிட்டுப் போயிட்டாரு. எம் மவன் செல்வினுக்கு மட்டும் ஏன் பிடிக்கல? லேப்புல அந்தக் கிருமியப் பாக்கறது நீதானே, நீ சொல்லு.

— செல்வின் ஒடம்புல தப்பில்லை, சொர்ணம்மா. கால் புண்ணுல இருக்கற பாக்டீரியாதான் மாறிப்போயிடுத்து.

— கொதிக்கிற எண்ண கொட்டுன காலு. ஹோட்டல் அடுப்புல நிக்காதன்னு தலையால அடிச்சேன், கேட்டானா? செரி, மாறிப்போச்சுன்னா?

— அதுக்குள்ள குட்டிக் குட்டிப் பம்பு உண்டு, கேட்டேளா. உள்ள வர்ற மருந்தை வெளியில தள்ளும். அந்தப் பம்பு நிறைய உண்டாகாம ஒரு புரதம் தடுத்துண்டிருக்கும். டி.என்.ஏ.வைக் கெட்டியாப் பிடிச்சுண்டு ஒக்காந்திருக்கும்.

— எங்க போனக்காட்டுத் தேயில ஃபாக்டரி வாட்ச்மேன் கேட்டைப் பிடிச்சிட்டு நிப்பானே, அது மாதிரியா?

— அதேதான். இதுல அந்தப் புரதத்துல ஒரே ஒரு இடம் மாறியிருக்கு. டி.என்.ஏ.வைப் பிடிக்கற இடமாக்கும் அது. பிடி நிக்கலை. பம்பு மேல பம்பா உண்டாயிண்டே இருக்கு. நாம ஏத்தற மருந்தெல்லாம் வெளியில போறது.

— ஒரே ஒரு எடமா! ஐயோ, அதச் சரியாக்க ஒரு ஊசி கெடையாதா?

— இல்லையே. வருஷக்கணக்கா நான் பாக்கறதே இந்தப் புரதத்தைத்தான். எந்த இடம்னு விரல் வெச்சுக் காட்டுவேன். திருப்பிப் பிடிக்க வைக்க மட்டும் தெரியலை. உங்க மூஞ்சியைப் பாக்கவே வெக்கமா இருக்கு.

— நீ என்ன செய்வே, பாவம். அழாத மோளே. இனி என்ன வழி?

— ஒரு மருந்து பாக்கி இருக்கு. கிட்னியைக் கெடுக்கும், இருந்தாலும் இன்னிக்குத் தொடங்கறா. கேட்டாக் கேட்டது. நீங்க புண்ணைத் தொட்டா ஒடனே சோப்புப் போட்டுக் கையலம்பணும். இது கை வழியாப் பரவற கிருமியாக்கும்.

— கை வழியாவா?

— ஆமா. வேற நோயாளி யாரையும் தொடப்படாது. நர்ஸ் சொல்லலையா?

— சொன்னாங்க. செவுத்துல ஒட்டிக்கூட இருக்கு. நான் மவன் மொகத்தத்தானே பாத்துட்டு இருந்தேன்.

— கையை ஏன் அப்படிப் பாக்கறேள்? சொர்ணம்மா, என்ன ஆச்சு?

— அடுத்த கட்டில் தங்கபாண்டிக்குத் தொணையாக் கூட்டிருக்க ஆளில்ல மோளே. கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்தவன், தென்காசிப் பக்கம். அம்மா அம்மான்னு என்னைத்தான் விளிப்பான். செல்வினுக்குத் தொடச்ச கையோட அவன் தையலையும் தொடச்சு விட்டேன். விடிஞ்சதுலேருந்து அவனும் காச்சல்ல நடுங்கிட்டுக் கெடக்கான்.