வெதூரியா பெரியம்மாவின் அப்பமும் என் கையும்

தந்தை ஈலாரியே அவர்களுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஞாயிறு நடக்கும் வெதூரியா பெரியம்மா இரங்கல் கூட்டத்தில் பெண்கள் சார்பில் நான் பேச வேண்டும் என்றீர்கள். எழுதிவிட்டேன். இதை வாசிக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“மேடையில் வீற்றிருக்கும் தந்தை அவர்களே, சபைத் தலைவர் கவ்ரிலா அவர்களே, கறுப்பு முக்காட்டோடு வந்திருக்கும் தாய்மார்களே,

முப்பத்தொரு ஆண்டுகள் நம் கோயில் பீடத்துக்கு நற்கருணை அப்பம் சுட்டவர் வெதூரியா பெரியம்மா. பாடகருக்குத் தொண்டை கட்டினால் இன்னொருவர் பாடிவிடுவார். அப்பம் இல்லையென்றால் வழிபாடு உண்டா? அந்த இடம் அவருடையது. அந்த இடத்தின்மேல் எனக்குப் பொறாமை. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? இதை மறைத்து அவரைப் புகழ எனக்குத் தெரியவில்லை.

கணவரை இழந்த, பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்தான் அந்த மாவைத் தொடலாம் என்பது நம் வழக்கம். எனக்கு வயது இருபத்தேழு, மடியில் கைக்குழந்தை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை நானே ஒன்று சுட்டு அவர் கூடைக்குள் வைத்துவிட்டேன். ஈஸ்டர் ரொட்டிக்குச் செய்கிற பழக்கத்தில் மேலே முட்டையும் பூசியிருந்தேன். மாவு, நீர், உப்பு, புளித்த மாவு தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்பது, கல்லூரி வரை படித்த எனக்கு மறந்துபோயிற்று. பெரியம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

‘ஏண்டி ஸ்மரண்டா, இது ஆண்டவருக்கா, இல்ல உன் மக பொறந்தநாளுக்கா?’

‘தெரியாம பண்ணிட்டேன், பெரியம்மா.’

‘பளபளன்னு இருக்கே, கோழியே சாட்சி சொல்லும். போ, விருந்து மேசையில வை. நல்லாத்தான் இருக்கு.’

‘ஸ்மரண்டா சுட்டது, சாப்பிடுங்க’ என்று அவரே எல்லோருக்கும் பரிமாறினார். இப்படி மனம்விட்டுப் பாராட்டவும் இவருக்கு வருகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு பனியில் வழுக்கி அவர் மணிக்கட்டு ஒடிந்தது. என்னைக் கூப்பிட்டார். ‘வாய் என்னுது, கை உன்னுது. வெளியில மூச்சு விடாத’ என்றார். ஆறு ஞாயிறு நீங்கள் உண்டது என் கை பிசைந்த அப்பம். ‘கட்டுப் போட்ட கையிலயும் என்ன பக்குவம் பாரு’ என்றீர்கள். கவ்ரிலா மாமா, நீங்கள் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினீர்கள். பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டே நான் வெந்துபோனேன். அப்பம் என்னுடையது, பெயர் அவருடையது.

சபையில் நான்கு விதவைகள் இருக்க, ஏன் என்னை அழைத்தார்? கேட்டேன். ‘அவங்க கடமைக்குச் சுடுவாங்க. நீ என்மேல இருக்கிற பொறாமையில சுடுவ. அப்பத்துல ஒரு விரிசல் விடமாட்ட’ என்றார்.

பெரியோரே, அவரைப் போல் என்னை அறிந்தவர் இங்கே யார்? அவர் விட்டுச்சென்ற பணியை நான் ஏற்க அனுமதி கேட்கிறேன். கொடுத்தால், ஒரு ஞாயிறும் நம் பீடம் வெறுமையாக இராது என்று அவர் பெயரால் உறுதி கூறுகிறேன்.”

தந்தையே, அந்த ஆறு ஞாயிறைச் சொன்னால் பெரியம்மாவின் பெயர் கெடுமோ என்று பயமாக இருக்கிறது. சபை என்னை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடும். சொல்லாவிட்டால் அந்த அப்பம் என்றைக்கும் அவருடையதாகவே இருக்கும். அவர் இறந்த பிறகும் அதை என்னால் தாங்க முடியவில்லை.

வாசிக்கலாமா, வேண்டாமா? ஞாயிற்றுக்கு முன் பதில் எழுதுங்கள்.

ஸ்மரண்டா