ஒரு சொல்லைச் செதுக்கியெடுத்த ஈயத்தகடுகள்

மேடைக்குப் பெருமை சேர்க்கும் சங்கத் தலைவர் எவால்ட் அவர்களே! ஈயமும் மையும் ஊறிய விரல்களால் இந்த லைப்சிக் நகருக்கே பெயர் வாங்கித் தந்த மூத்த தோழர்களே! தாள் மடித்து மடித்தே மணிக்கட்டு தேய்ந்துபோன, புத்தகம் கட்டும் கூடத்துத் தாய்மார்களே! பீர்க் குவளையோடு கடைசி வரிசையில் நின்று என்னை முறைக்கும் ரைன்ஹோல்ட் அவர்களே, உங்களுக்கும் வணக்கம்!

வாழ்த்துப் பாட வரவில்லை. வயிறு எரிந்து வந்திருக்கிறேன்.

போருக்கு முன்னால் நம் அச்சகத்தில் ஒரு மலிவு நாவல் அச்சானதே, நினைவிருக்கிறதா? யூதப் பெரியவர்கள் நிலவறையில் கூடுகிறார்களாம். உலகத்தைப் பங்கு போடுகிறார்களாம்! கலப்படமே இல்லாத கட்டுக்கதை! அதற்குப் பிழை திருத்தியவர் நம் யூலியஸ் லெவின். அவரே யூதர். படித்துவிட்டு என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "யோவ் ஓட்டோ, என் மாமனாரால ரெண்டு மச்சானுங்களையே ஒரே மேசையில உட்கார வைக்க முடியல. இத எழுதுனவரு கதையில உலகத்தையே ஆளுறாங்களாம்! அது கெடக்கட்டும், இந்த ஆளுக்குக் கமா எங்க போடணும்னே தெரியலய்யா." அத்தனை கமாவையும் அவர்தான் திருத்தினார்.

விற்கிற நூலின் ஈய அச்சுத் தகடுகளை நாம் உருக்குவதில்லை. மறுபதிப்புக்காகக் கிடங்கில் அடுக்கி வைப்போம். போரில் தோற்றோம். பணம் மதிப்பிழந்து செத்தது. பழி போட ஆள் தேடினார்கள். மேலாளர் அந்தத் தகடுகளை மேலே கொண்டுவரச் சொன்னார். "முதல் பக்கத்தத் தூக்கிப் போடுங்க. 'நாவல்'ங்கிற சொல்லு எங்க இருந்தாலும் செதுக்கி எடுங்க. 'ரகசிய ஆவணம்'னு போடுங்க."

"எழுதினவர் பேருங்க?" என்று கேட்டார் தாள் மடிக்கும் நம் ஹெட்விக் அம்மா.

"ஆவணத்துக்கு ஏதும்மா ஆசிரியர்? மடிக்கிற வேலையப் பாரு."

எழுத்து அதே எழுத்து! வரி அதே வரி! லெவின் போட்ட கமாவும் அதே கமா! போனது ஒரே ஒரு சொல். அதோடு போனது ஒரு மனிதனின் கண்!

ஆம், தோழர்களே! போன செவ்வாய்க்கிழமை டிராமிலிருந்து இறங்கிய லெவினை ஒரு மாணவன் கூட்டாளிகளோடு மறித்தான். கையில் அந்தப் புத்தகம். "தம்பி, இது வெறும் கதைப்பா. நானே திருத்திக் குடுத்தது" என்றிருக்கிறார் அந்த அப்பாவி. "கேட்டீங்களாடா? ஒத்துக்கிட்டான்! இவனும் அந்த நிலவறை ஆளுதான்!" கைத்தடி கண்ணில் இறங்கியது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து இதை அவரே என்னிடம் சொன்னார். பிழை திருத்துகிறவருக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

என்ன ரைன்ஹோல்ட், சத்தமாகத்தான் சொல்லுங்களேன்! "வேலை போச்சுன்னா உருளைக்கிழங்கு நீயா வாங்கித் தருவே?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. என்னால் முடியாது, என் வேலையும்தான் போகும். பசிக்கும். பசித்த வயிற்றோடு லெவின் எதிரே போய் உட்காரலாம். இந்தக் கூலியைத் தின்றுவிட்டு உட்கார முடியுமா?

"அச்சில் இருக்கிறதே, பொய்யாகுமா?" என்கிறது ஊர். யார் சம்பாதித்த நம்பிக்கை அது? நம் பாட்டன் பூட்டன் சம்பாதித்தது! அதை விற்றுத்தான் கொழுக்கிறார்கள்! நாளைக் காலை அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு. இயந்திரத்தை ஓட்டுவதா, நிறுத்துவதா? தலைவர் அனுமதியோடு இப்போதே கை தூக்கி முடிவு செய்வோம்.

"கலையை இறைவன் வாழ்த்துக" என்று முடிப்பது நம் அச்சுத் தொழிலின் மரபு. இன்று நாக்கு எழவில்லை. நாளை அந்த இயந்திரம் ஓடாமல் நிற்கட்டும். அப்போது லெவின் கட்டிலருகே நின்று அதைச் சொல்கிறேன். இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி, வணக்கம். நிறுத்துவோம் என்பவர்கள் கை தூக்குங்கள்!