கசியாத மணிகள்

சோதனைக்கூடத்தில் குடுவை கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், சகலை என் நோட்டுகளைப் புரட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கெட்டிக்காரர். வேலை வாங்கித் தந்ததே நான்தான்.

மருந்துப் பொருள்களில் ஹைட்ரஜனை ஏற்றப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். அதைக் கடுகளவு பாலிமர் மணிகளுக்குள் பதித்து வைப்போம். மணி இறுக்கமாக இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போகாது, உலோகம் சும்மா கிடக்கும். தளர்வாக இருந்தால் உலோகம் கழன்று மருந்தோடு கலந்துவிடும். என் மணி இரண்டுக்கும் நடுவே. மும்மடங்கு வேகம், துளியும் கசிவில்லை. பதினொரு வருட உழைப்பு.

அவர் நோட்டைப் புரட்டிய பிறகு நானும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். பெயரில்லாத சிறு புட்டிகள், தேதி மட்டும் ஒட்டி. ஒரு வாரம் இருவரும் சிரித்துப் பேசி, ஒன்றாகவே சாப்பிட்டோம்.

பிறகு அவரே வந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மணியை எல்லாம் வடிகட்டி எடுத்துட்டேன். வெறும் கரைசல்லயும் வேதிவினை நிக்கவே இல்ல. உலோகம் வெளிய வருதுண்ணே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துடுறேன்."

நல்ல மனுஷன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு நாள் கிடைத்தது.

பயன்படுத்திய மணியைக் காற்றில் உலரவிட்டால் தானே தீப்பிடிக்கும். அதனால் நைட்ரஜன் வாயுவின் காவலில்தான் வடிகட்டுவோம். மறுநாள் காலை நைட்ரஜன் உருளையின் வால்வை மூடினேன். அளவுமானியின் முள் பழைய அழுத்தத்திலேயே நின்றது, பார்த்தால் தெரியாது. சட்டென்று தீப்பற்றும் மெத்தனால் கேனை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். தீயணைப்பானை நிரப்ப அனுப்பினேன். அதற்குக் கெடு தாண்டியிருந்தது, பதிவேட்டில் பாருங்கள்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். "அண்ணே" என்று இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் போனேன்.

என் கொழுந்தியாள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விடுகிறாள். அவள் தட்டை நான்தான் எடுத்துக் கழுவி வைக்கிறேன்.

அவர் விட்ட சோதனையை நானே செய்து முடித்தேன். அவர் சொன்னது சரிதான், கசிகிறது. ஆனால் அதற்குள் இந்த மணிகளைப் பற்றிய கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, மருந்து நிறுவனமும் மணிகளை வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டுரையில் அவர் பெயரைத்தான் முதலில் போட்டேன். சொந்தக்காரன் என்கிற முறையில், அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா.