தோல் முதலாளி குடித்த தண்ணீர்

"அந்தத் தண்ணிய முகஞ்சுளிக்காமக் குடிச்சிட்டாரு, அண்ணாச்சி!"

பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் கேட்டது. பேசியவரின் மடியில் ஒரு காலிக் குடம். பக்கத்தில் நரைத்த மீசைக்காரர்.

"யாரு வே?"

"நம்ம தோல் பதனிடுற ஷாப்பு முதலாளிதான். எலெக்‌ஷன்ல நிக்காருல்லா, ஓட்டுக் கேட்டு வந்தாரு. ஷாப்புக் கழிவு இறங்கி எங்க கிணறு செவந்து நாறுதுன்னு காட்டத்தான் வீட்டுக்காரி மோந்து குடுத்தா. 'நல்லாத்தான இருக்கு'ன்னு இன்னொரு தம்ளர் கேக்காரு! இனி எங்க தெருவுக்குக் குழாய் போடுவாரா?"

மீசைக்காரர் சிரித்தார்.

"நான் அவருகிட்ட வேலை பாத்தவன்லா. சின்ன வயசுலேருந்து தோலுக்குள்ளயே கிடந்து, மூக்கும் நாக்கும் செத்துப் போச்சு அவருக்கு. ஆனா கண்ணு இருக்கே! தோல்ல ஒரு பொட்டு கறை இருந்தாலும் தூக்கி எறிஞ்சிருவாரு. தண்ணிய எதுல குடுத்திய?"

"பெரிய மனுசன் வாராருன்னு, சீர்ல வந்த எவர்சில்வர் தம்ளர்லதான்."

"அதான் வே தப்பு. கண்ணாடித் தம்ளர்ல குடுத்திருக்கணும்."

குடத்துக்காரர் சட்டென்று எழுந்தார்.

"கண்டக்டர், மார்க்கெட்ல நிறுத்தும்! அண்ணாச்சி, சாயங்காலம் மறுபடி எங்க தெருவுக்கு வாராரு. பாத்திரக் கடை திறந்திருக்கும்லா?"